பழைய டிவி தொடர்கள்: கறுப்புப் பட்டையா, வெட்டிய படமா?

புதிய கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. 24 அங்குல அகலத் திரை மானிட்டர், நல்ல ஸ்பீக்கர் எல்லாம் தயார். விடுமுறை நாளில் பழைய டிவி தொடர் ஒன்றின் டிவிடியை டிரைவில் போடுகிறீர்கள். படம் நடுவில் மட்டும் தெரிகிறது. இடது பக்கமும் வலது பக்கமும் கறுப்பாக இரண்டு பட்டைகள். "மானிட்டர் கெட்டுப் போய்விட்டதா? டிவிடி சரியில்லையா?" என்ற சந்தேகம் வருகிறது. வீட்டில் யாராவது ஒருவர் ஏதோ ஒரு பட்டனைத் தட்டி, படத்தைத் திரை முழுவதும் இழுத்து விடுகிறார். பட்டைகள் போய்விட்டன. ஆனால் நடிகர்கள் எல்லாரும் திடீரெனக் குண்டாகி விட்டார்கள்!

மானிட்டரிலும் டிவிடியிலும் எந்தக் கோளாறும் இல்லை. நீங்கள் பார்த்தது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்னும் விஷயத்தின் விளைவு. இது என்ன, பழைய தொடர்களை டிவிடி, புளூ-ரே வடிவில் வெளியிடும் நிறுவனங்கள் இதில் என்னென்ன முடிவுகளை எடுக்கின்றன, அதனால் நமக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்று இங்கு பார்ப்போம். இறுதியில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கச் சில சோதனைகளும் தரப்பட்டுள்ளன.

ஆஸ்பெக்ட் ரேஷியோ என்றால் என்ன?

ஒரு படத்தின் அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதமே ஆஸ்பெக்ட் ரேஷியோ. அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு என்றால் அது 4:3. நான்கை மூன்றால் வகுத்தால் 1.33 வருகிறது. எனவே இதனை 1.33:1 என்றும் எழுதுவார்கள். அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு என்றால் 16:9. இதனை வகுத்தால் 1.78. டிவிடி அட்டையின் பின்புறம் 1.33:1, 1.78:1 என்றெல்லாம் இருப்பது இந்தக் கணக்குதான்.

பழைய குண்டு டிவிகள், பழைய மானிட்டர்கள் எல்லாம் 4:3. உங்கள் பழைய மானிட்டரின் ரெசல்யூசன் 1024 x 768 என்று இருந்திருந்தால் அதுவும் 4:3தான். இப்போது கடைகளில் கிடைக்கும் டிவிகள் 16:9. மானிட்டர்களில் பெரும்பாலானவையும் அப்படியே. 1920 x 1080 என்ற ரெசல்யூசனை வகுத்துப் பாருங்கள், 1.78 கிடைக்கும். பல லேப்டாப்களில் 16:10 என்ற சற்று உயரமான திரை இருக்கும்.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன?

4:3 என்பது டிவிக்காரர்கள் கண்டுபிடித்த அளவு அல்ல. 1890களில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிக்சன் என்பவர், 35 மிமீ பிலிமில் ஒரு படத்திற்கு நான்கு துளைகள் என்று அமைத்தார். அதிலிருந்து வந்த வடிவம் ஏறக்குறைய 4:3. பேசும் படம் வந்த பிறகு, 1932ல் அமெரிக்கத் திரையுலகம் இதனைச் சற்றே மாற்றி 1.37:1 என்று வைத்துக் கொண்டது. பின்னர் டிவி வந்தபோது, சினிமாவின் அந்த வடிவத்தையே ஒட்டி 4:3 என்று தன் திரையை அமைத்துக் கொண்டது.

டிவி வீட்டுக்கு வீடு வந்ததும் அமெரிக்காவில் தியேட்டர்களுக்குக் கூட்டம் குறைந்தது. வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தர வேண்டும் என்று சினிமாக்காரர்கள் திரையை அகலமாக்கினார்கள். 1953ல் வந்த "தி ரோப்" என்ற படம் சினிமாஸ்கோப் முறையில் வந்த முதல் படம். அதன் பிறகு சினிமா அகலமாகவும் டிவி சதுரம் போலவும் தனித்தனி வழியில் சென்றன.

1980களில் உயர்தரத் தொலைக்காட்சிக்கு எந்த அளவு வைப்பது என்ற கேள்வி வந்தது. அப்போது கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், புழக்கத்தில் இருந்த எல்லா அளவுகளையும் காகிதத்தில் செவ்வகங்களாக வைத்து, எல்லாவற்றிற்கும் பொதுவாகப் பொருந்தும் ஓர் அளவைக் கணக்கிட்டார். அதுதான் 16:9. ஆக, 16:9 என்பது ஒரு சமாதான ஏற்பாடு. 4:3 படமும் அதில் முழுதாகப் பொருந்தாது. சினிமாஸ்கோப் படமும் பொருந்தாது. இரண்டிலும் கொஞ்சம் கறுப்பு இடம் மிஞ்சும். இதனை நினைவில் வைத்துக் கொண்டால் கறுப்புப் பட்டையைப் பார்த்துப் பயம் வராது.

நிறுவனங்களுக்கு உள்ள நான்கு வழிகள்

4:3ல் எடுத்த ஒரு பழைய தொடரை இன்றைய 16:9 திரைக்கு வெளியிட வேண்டும். என்ன செய்யலாம்?

1. அப்படியே விடுவது: படத்தை முழுதாக நடுவில் வைத்து, இரு பக்கமும் கறுப்புப் பட்டைகளை விடுவது. இரண்டு தூண்கள் போலத் தெரிவதால் இதற்கு பில்லர்பாக்ஸ் என்று பெயர்.

2. இழுப்பது: 4:3 படத்தை அகலவாக்கில் இழுத்துத் திரையை நிரப்புவது. எதுவும் வெட்டுப்படாது. ஆனால் எல்லாப் பொருளும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரியும். பந்து முட்டை வடிவமாகும். பொதுவாக டிஸ்க் வெளியிடும் நிறுவனங்கள் இதைச் செய்வதில்லை. நம் வீட்டு டிவியும் பிளேயரும்தான் இந்த வேலையைச் செய்கின்றன.

3. வெட்டுவது: படத்தைப் பெரிதாக்கி, திரைக்கு வெளியே போகும் மேல் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் வெட்டி விடுவது. முகம் ஒழுங்காக இருக்கும். ஆனால் படத்தில் ஒரு பகுதி போய்விடும்.

4. விரிப்பது: பிலிமில் எடுத்த தொடர் என்றால், பழைய டிவியில் காட்டாத பக்கவாட்டுப் பகுதி பிலிமில் பதிவாகி இருக்கக் கூடும். மூலப் பிலிமைத் திரும்ப ஸ்கேன் செய்து, அந்தப் பகுதியையும் சேர்த்துக் காட்டுவது. பெரும்பாலும் இதோடு மேலும் கீழும் கொஞ்சம் வெட்டும் சேர்ந்தே வரும்.

எவ்வளவு போகிறது? ஒரு சிறிய கணக்கு

ஒரு காகிதத்தில் 16 செமீ அகலம், 12 செமீ உயரத்தில் ஒரு செவ்வகம் வரையுங்கள். இது 4:3. இதையே 16:9 ஆக்க வேண்டும் என்றால் அகலம் 16 செமீ அப்படியே இருக்க, உயரம் 9 செமீ ஆக வேண்டும். அதாவது 12ல் 3 செமீ போகிறது. மொத்தப் படத்தில் கால் பங்கு!

கறுப்புப் பட்டை விட்டால் எவ்வளவு போகிறது? படத்தில் ஒன்றும் போகவில்லை. திரையில்தான் கால் பங்கு பயன்படாமல் இருக்கிறது. 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 53 செமீ, உயரம் சுமார் 30 செமீ. அதில் 4:3 படம் 40 செமீ அகலத்தில் தெரியும். இரு பக்கமும் ஆறரை செமீ அளவுக்குக் கறுப்புப் பட்டை இருக்கும்.

ஆக, நம் முன் உள்ள கேள்வி இதுதான். திரையில் கால் பங்கு சும்மா இருக்கலாமா? அல்லது படத்தில் கால் பங்கு போகலாமா? முதலாவதில் நாம் இழப்பது வெறும் கறுப்பு இடம். இரண்டாவதில் இழப்பது ஒளிப்பதிவாளர் யோசித்து வைத்த காட்சி.

பிலிமா, வீடியோ டேப்பா?

நான்காவது வழி எல்லாத் தொடருக்கும் பொருந்தாது. தொடரை எதில் பதிவு செய்தார்கள் என்பதைப் பொறுத்தது அது.

வீடியோ டேப்பில் எடுத்த தொடர் என்றால், டேப்பில் உள்ள 4:3 படம்தான் மொத்தச் சொத்து. அதற்கு வெளியே எதுவும் இல்லை. 1971 முதல் 1979 வரை அமெரிக்காவில் ஓடிய "ஆல் இன் தி பேமிலி" இப்படி டேப்பில் எடுக்கப்பட்ட தொடர். இதுபோன்ற தொடரை அகலமாக்க வேண்டும் என்றால் வெட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

35 மிமீ பிலிமில் எடுத்த தொடர்களில் நிலைமை வேறு. பிலிமின் ஓரங்களில் கூடுதல் படம் இருக்கலாம். ஆனால் "இருக்கிறது" என்பதும் "பார்க்க வேண்டியது" என்பதும் ஒன்றல்ல. அந்த ஓரங்கள் டிவியில் வராது என்று தெரிந்துதான் படப்பிடிப்பில் விளக்குகளையும் மைக்குகளையும் அங்கே வைத்திருப்பார்கள். படத்தை விரித்தால் அவையும் நம் வரவேற்பறைக்கு வந்துவிடும்.

நடந்த கதைகள் சில

இனி, நிறுவனங்கள் உண்மையில் என்ன செய்தன என்று பார்ப்போம்.

குங்ஃபூ: 1972 முதல் 1975 வரை ஓடிய அமெரிக்கத் தொடர். இதன் முதல் சீசன் 2004ல் டிவிடியாக வந்தபோது, மேலும் கீழும் வெட்டி அகலத் திரைக்கு மாற்றி வெளியிட்டார்கள். ரசிகர்கள் இதனை விரும்பவில்லை. அடுத்து வந்த சீசன்கள் 4:3 அளவிலேயே வெளிவந்தன. ஒரே தொடரை வாங்கியவர் வீட்டில் முதல் பெட்டி ஓர் அளவு, மற்ற பெட்டிகள் வேறு அளவு!

பாபிலோன் 5: 1990களின் விண்வெளித் தொடர். இதனை எடுத்தவர்கள் முன்யோசனைக்காரர்கள். வருங்காலத்தில் அகலத் திரை வரும் என்று எண்ணி, நடிகர்கள் வரும் காட்சிகளை அகலமாகவும் காட்டக் கூடிய வகையில் பிலிமில் எடுத்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் காட்சிகளை 4:3 அளவில் மட்டும் தயாரித்தார்கள். 2002ல் 16:9 அளவில் டிவிடி வந்தது. நடிகர்கள் பேசும் காட்சி தெளிவாக இருக்கும். விண்கலம் பறக்கும் காட்சி வந்தவுடன் படம் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, பெரிதாக்கப்பட்டதால் மங்கிவிடும். 2021ல் பிலிமை மீண்டும் ஸ்கேன் செய்து புதுப்பித்தபோது 4:3க்கே திரும்பி விட்டார்கள். 2023 டிசம்பரில் வந்த புளூ-ரேயும் 4:3தான். அகலத் திரைக்குத் தயாராக இருந்த தொடரே பழைய அளவுக்குத் திரும்பியது கவனிக்க வேண்டிய செய்தி.

ஸ்டார் டிரெக், தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்: 1987 முதல் 1994 வரை வந்த தொடர். பிலிமில் எடுத்து, வீடியோ டேப்பில் எடிட்டிங் செய்தார்கள். 2012ல் தொடங்கி புளூ-ரே வெளியிட்டபோது மூலப் பிலிமைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, எபிசோடுகளைத் திரும்பவும் எடிட் செய்தார்கள். இவ்வளவு செலவு செய்தவர்கள் அகலத் திரைக்கு மாற்றவில்லை. காட்சிகள் 4:3க்காக அமைக்கப்பட்டவை, ஓரங்களை விரித்தால் படப்பிடிப்புக் கருவிகள் தெரியும் என்பதால் 4:3லேயே விட்டார்கள். படத் தெளிவும் படத்தின் அளவும் வேறு வேறு விஷயங்கள் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. உயர்தரப் படம் என்றால் அகலப் படமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பிரண்ட்ஸ்: 1994 முதல் 2004 வரை ஓடிய நகைச்சுவைத் தொடர். 2012ல் வந்த புளூ-ரேயில் பிலிமை விரித்து 16:9 ஆக்கினார்கள். படம் மிகத் தெளிவு. ஆனால் சில காட்சிகளில், எதிரே நிற்கும் நடிகைக்குப் பதிலாக நிறுத்தப்பட்டிருந்த வேறு ஒரு பெண் ஓரத்தில் தெரிகிறார்! 4:3ல் அவர் திரைக்கு வெளியே இருந்தார்.

தி வயர்: 2002 முதல் 2008 வரை எச்.பி.ஓ. சேனலில் வந்த தொடர். இதே சேனலின் "தி சோப்ரானோஸ்" அகலத் திரையில் வந்து கொண்டிருந்தபோதும், இதனை எடுத்தவர்கள் 4:3ஐ வேண்டுமென்றே வைத்துக் கொண்டார்கள். பின்னர் சேனல் இதனை 16:9க்கு மாற்றத் தொடங்கியது. தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் இந்தப் பணியில் சேர்ந்து கொண்டார். சில காட்சிகள் அகலத்தில் மேம்பட்டுள்ளன, சில காட்சிகள் தம் வலிமையை இழந்துள்ளன என்பதை அவரே வெளிப்படையாக எழுதினார். அகல வடிவம் 2014 டிசம்பரில் ஒளிபரப்பாகி, 2015ல் புளூ-ரேயாக வந்தது. பழைய டிவிடிகளில் 4:3 வடிவம் உள்ளது. தொடரை உருவாக்கியவரே அருகில் இருந்து செய்தபோதும் லாபமும் நஷ்டமும் கலந்தே இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

வெட்டினால் நகைச்சுவையும் போகும்

"மேலும் கீழும் கொஞ்சம் போனால் என்ன? முகம்தான் தெரிகிறதே" என்று சிலர் கேட்கலாம். இரண்டு நிகழ்ச்சிகளைப் பாருங்கள்.

"தி சிம்ப்சன்ஸ்" கார்ட்டூன் தொடர் 1989ல் தொடங்கியது. 2009 பிப்ரவரியில்தான் 16:9க்கு மாறியது. அதற்கு முன் வந்தவை எல்லாம் 4:3. 1993ல் வந்த ஓர் எபிசோடில் பீர் தொழிற்சாலைக்குச் செல்கிறார்கள். மூன்று பெரிய தொட்டிகள். மூன்றிலும் மூன்று வகைப் பெயர்கள். ஆனால் மேலே பார்த்தால் ஒரே குழாயிலிருந்துதான் மூன்றுக்கும் பீர் போகிறது. இதுதான் ஜோக். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தளத்தில் இத்தொடர் வெட்டிய வடிவில் வந்தபோது மேல் பகுதி போனது. குழாயும் போனது. ஜோக்கும் போனது. ரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2020 மே மாதத்தில் பழைய அளவில் பார்க்கும் வசதியை அந்தத் தளம் கொடுத்தது.

"சைன்ஃபெல்ட்" தொடரின் டிவிடிகள் 4:3ல் வந்தவை. 2021 அக்டோபரில் நெட்பிளிக்ஸ் தளத்தில் வந்ததோ 16:9. இதில் 1997ல் வந்த ஓர் எபிசோடின் பெயரே சாலைக் குழி. கதாபாத்திரம் சாலையில் உள்ள குழியைப் பார்த்து நிற்கிறார். அகல வடிவில் கீழ்ப் பகுதி வெட்டுப்பட்டதால் அந்தக் குழியே தெரியவில்லை!

இரண்டிலும் முகம் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் சொல்ல வந்த விஷயம் முகத்தில் இல்லை.

டிவிடிக்குள் இருக்கும் சின்ன ரகசியம்

கம்ப்யூட்டரில் டிவிடி பார்ப்பவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நம் நாட்டு பால் முறை டிவிடியில் படம் 720 x 576 பிக்ஸெல்களாகப் பதிவாகிறது. அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் 720 x 480. இவற்றை வகுத்துப் பாருங்கள். 1.25, 1.5 என்று வருகிறது. 1.33ம் இல்லை, 1.78ம் இல்லை!

காரணம், டிவிடியில் உள்ள பிக்ஸெல்கள் சதுரமானவை அல்ல. 4:3 படமானாலும் 16:9 படமானாலும் அதே 720 x 576 இடத்தில்தான் அடைத்து வைப்பார்கள். கூடவே "இதனை 4:3 ஆகக் காட்டு" அல்லது "16:9 ஆகக் காட்டு" என்று ஒரு சிறு குறிப்பும் டிஸ்க்கில் இருக்கும். பிளேயர் அந்தக் குறிப்பைப் படித்து, 4:3 என்றால் 768 x 576 அளவிற்கும், 16:9 என்றால் 1024 x 576 அளவிற்கும் படத்தை விரித்துக் காட்ட வேண்டும். குறிப்பைப் படிக்காவிட்டாலோ, நாமே தவறான அளவைத் தேர்ந்தெடுத்து விட்டாலோ முகங்கள் நீளமாகவோ அகலமாகவோ தெரியும்.

புளூ-ரேயில் உயர்தரப் படத்தின் சட்டம் 16:9தான். எனவே 4:3 தொடரை வெளியிடும்போது நடுவில் 1440 x 1080 அளவில் படத்தை வைத்து, இரு பக்கமும் 240 பிக்ஸெல் அகலத்தில் கறுப்பைப் பதிந்து விடுவார்கள். இங்கே கறுப்புப் பட்டையும் படத்தின் ஒரு பகுதியாகவே டிஸ்க்கில் இருக்கும்.

உங்கள் கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்கள்

விண்டோஸ் 8 வந்த 2012 முதல் விண்டோஸ் மீடியா பிளேயரில் டிவிடி பார்க்கும் வசதி நீக்கப்பட்டு விட்டது. எனவே விஎல்சி மீடியா பிளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவிக் கொள்ளுங்கள். இது முற்றிலும் இலவசம்.

முதலில் டிவிடியை டிரைவில் போடவும். விஎல்சியைத் திறந்து கண்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்தவும். டிஸ்க் திறக்கும் கட்டம் கிடைக்கும். அதில் டிவிடி என்பதைத் தேர்ந்தெடுத்து பிளே கிளிக் செய்திடவும்.

வட்டச் சோதனை: சுவர்க் கடிகாரம், சாப்பாட்டுத் தட்டு, முழு நிலவு போல வட்டமான ஒரு பொருள் நேராகத் தெரியும் காட்சியில் ஸ்பேஸ் பாரைத் தட்டிப் படத்தை நிறுத்தவும். ஒரு காகிதத் துண்டை அந்த வட்டத்தின் அகலத்திற்கு மடித்துக் கொள்ளவும். திரையை அழுத்தாமல், காகிதத்தை அப்படியே திருப்பி உயரத்தோடு ஒப்பிடவும். இரண்டும் சமமாக இருந்தால் அளவு சரி. உயரம் 3 செமீ இருக்கும்போது அகலம் 4 செமீ இருந்தால் 4:3 படம் 16:9 ஆக இழுக்கப்பட்டுள்ளது. அகலம் 3 செமீ, உயரம் 4 செமீ என்று இருந்தால் 16:9 படம் 4:3க்குள் நெருக்கப்பட்டுள்ளது.

சரி செய்வது எப்படி? விஎல்சி திரையில் ஏ கீயைத் தட்டவும். ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஓர் அளவு மாறும். டீபால்ட் என்று வரும் இடத்தில் நிறுத்தினால் டிஸ்க்கில் உள்ள குறிப்பின்படி படம் தெரியும். டிஸ்க்கின் குறிப்பே தவறு என்றால் மட்டும் 4:3 அல்லது 16:9 என்று நீங்களே தேர்ந்தெடுக்கவும்.

நான்கு பக்கமும் கறுப்பா? பழைய டிவிடிகள் சிலவற்றில் அகலப் படத்தை 4:3 சட்டத்திற்குள் மேலும் கீழும் கறுப்பு விட்டுப் பதிந்திருப்பார்கள். அகலத் திரை மானிட்டரில் அது தபால்தலை போல நடுவில் சிறிதாகத் தெரியும். அப்போது சி கீயைத் தட்டவும். இது வெட்டும் கீ. 16:9 என்று வரும்வரை தட்டினால் கறுப்பு மட்டும் வெட்டுப்பட்டு, படம் திரையை நிரப்பும். எச்சரிக்கை: சாதாரண 4:3 படத்தில் இதே கீயைத் தட்டினால் உண்மையான படமே வெட்டுப்படும். பார்த்து முடித்ததும் டீபால்ட்டுக்குத் திரும்பி விடவும்.

வெட்டுச் சோதனை: வட்டச் சோதனையால் வெட்டிய படத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஏனெனில் அதில் வட்டம் வட்டமாகவே இருக்கும். அதற்கு வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும். நெருங்கிய காட்சிகளில் தலையின் மேல் பகுதி அடிக்கடி வெட்டுப்படுகிறதா? மேஜை மேல் உள்ள பொருளைப் பற்றிப் பேசும்போது அந்தப் பொருள் தெரியவில்லையா? எழுத்துகள் திரையின் விளிம்பை ஒட்டி நிற்கின்றனவா? இவை எல்லாம் இருந்தால் படம் வெட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

வாங்கும் முன் கவனிக்க

* தொடர் வந்த ஆண்டைப் பாருங்கள். 1990களின் நடுப்பகுதி வரை வந்த டிவி தொடர்கள் 4:3 என்றே வைத்துக் கொள்ளலாம். அதன் பிறகு சுமார் பதினைந்து ஆண்டுகள் கலப்புக் காலம். தி வயர் போல 2008 வரை 4:3ல் வந்தவையும் உண்டு.

* அட்டையின் பின்புறம் பாருங்கள். 1.33:1, 4:3, ஃபுல் ஃபிரேம் என்று இருந்தால் பழைய தொடருக்கு அது சரியான அளவு. 1985ல் வந்த தொடரின் அட்டையில் 1.78:1 என்று இருந்தால் யோசிக்கவும். அது வெட்டியதாகவோ விரித்ததாகவோ இருக்கும்.

* ஃபுல் ஃபிரேம் என்ற சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. அகலமாக எடுத்த சினிமாவின் டிவிடியில் இது இருந்தால் பக்கவாட்டில் வெட்டியிருக்கலாம். 4:3ல் எடுத்த டிவி தொடரில் இருந்தால் முழுப் படம் என்று பொருள். சொல் ஒன்று, பொருள் நேர் எதிர்.

* ரீமாஸ்டர்டு என்ற சொல்லைப் பார்த்து மட்டும் வாங்க வேண்டாம். அது படத்தைச் சுத்தம் செய்ததைக் குறிக்கலாம், வெட்டியதையும் குறிக்கலாம்.

* புதிய பதிப்பு வாங்கியவுடன் பழைய டிவிடியைத் தூக்கிப் போட வேண்டாம். தொடர் முதலில் ஒளிபரப்பான அளவு அந்தப் பழைய டிவிடியில் மட்டும் இருக்கக் கூடும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

நிறுவனங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய டிவி வாங்கியவர், "பணம் கொடுத்தது முழுத் திரைக்கு, பாதித் திரை ஏன் கறுப்பாக இருக்கிறது?" என்று கேட்கிறார். சேனல்களும் முழுத் திரையை நிரப்பும் படத்தையே விரும்புகின்றன. வீடியோ கேசட் காலத்தில் இதுவே தலைகீழாக நடந்தது. சினிமாஸ்கோப் படங்களைக் கேசட்டில் வெளியிட்டபோது, மேலும் கீழும் பட்டை வரக் கூடாது என்று பக்கவாட்டில் வெட்டினார்கள். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவரின் மூக்கு மட்டும் தெரிந்தது. அன்று 4:3 டிவிக்காக அகலப் படத்தை வெட்டினோம். இன்று அகல டிவிக்காக 4:3 படத்தை வெட்டுகிறோம். நாளை வேறு வடிவில் திரை வந்தால்?

திரை மாறிக் கொண்டேதான் இருக்கும். எடுத்த படம் மாறாது. எனவே படத்திற்கேற்பத் திரையில் இடம் விடுவதே பாதுகாப்பான வழி. 4:3 படத்தை முழுதாக வைத்திருந்தால், வேண்டும் என்பவர் சி கீயைத் தட்டி வெட்டிப் பார்த்துக் கொள்ளலாம். வெட்டிய படத்தை வாங்கியவர் எந்தக் கீயைத் தட்டினாலும் போன பகுதி திரும்பி வராது. வெட்டிய வடிவம் மட்டுமே கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் நிலை வந்தால், அடுத்த தலைமுறை அதுதான் முழுப் படம் என்று நினைத்துக் கொள்ளும்.

குங்ஃபூ, சிம்ப்சன்ஸ் இரண்டிலும் ரசிகர்கள் கேட்டார்கள்; பழைய அளவு திரும்பியது. கேட்பதற்கு முதலில் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இன்றே உங்களிடம் உள்ள பழைய தொடரின் டிவிடி ஒன்றை எடுத்து வட்டச் சோதனையைச் செய்து பாருங்கள். அடுத்த முறை வீட்டில் யாராவது, "ஏன் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறது?" என்று கேட்டால், "படம் முழுதாக இருக்கிறது என்று பொருள்" என்று சொல்லுங்கள்.